தம்புராவும் இரைச்சல்தான், கம்ப்யூட்டருக்கு

பழைய வீடுகளில் பீரோவின் அடித்தட்டைத் திறந்தால் பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். உள்ளே நாலைந்து காஸெட்டுகள். மேலே பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது பாதி மங்கியிருக்கும்: 'கல்யாணக் கச்சேரி', 'பாட்டி பாட்டு', 'பெரியப்பா பேசியது'. பாலக்காட்டு அக்கிரகாரங்களில் பிஸ்கட் டின் என்றால் இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் ட்ரங்குப் பெட்டி. சமாசாரம் ஒன்றுதான். ஓட்டிக் கேட்டால் முதலில் வருவது 'உஸ்ஸ்' என்ற சத்தம். அதற்குப் பின்னால் எங்கோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு மனிதக் குரல்.

அந்தக் குரலுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கங்களிலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். எல்லைக்கு அந்தப் புறம் வாழும் இந்தத் தமிழ், சென்னைப் பாடநூலிலும் இல்லை, திருவனந்தபுரத்து ஆவணங்களிலும் இல்லை. கங்காணியோடு மலையேறி வந்த குடும்பங்கள் கம்பெனிக் கணக்குகளில் ஆள் எண்ணிக்கையாக இருக்கின்றன. 1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இல், வந்த பெருவெள்ளம் மூணாறின் சிறு ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கேரளம் இன்னமும் சொல்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவர் இன்று இருப்பது அரிது. அவர்களில் யாரையாவது எண்பதுகளில் ஒரு பேரன் டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்த்திப் பேசவைத்திருந்தால், அந்தப் பேச்சு இருக்கும் ஒரே இடம் அந்த ட்ரங்குப் பெட்டிதான்.

டேப் நிரந்தரமானதல்ல. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகம் செய்த காஸெட்டில் ஒலி இருப்பது, நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசிய இரும்பு ஆக்ஸைடு தூளில். மூணாறு மழைக்கு அதில் பூஞ்சை படியும். நாடா பிழைத்தாலும் ஓட்டும் கருவி பிழைக்கவில்லை. உதிரி பாகமும் இல்லை, ரிப்பேர் செய்கிறவரும் கடையை மூடிவிட்டார். காந்த நாடாப் பதிவுகளை 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைநழுவிப் போகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலி, திரைப்பட ஆவணக் காப்பகம் 2015இல் எச்சரித்தது. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

ஆகவே பலர் காஸெட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். நல்ல காரியம். மாற்றிக் கேட்டதும் அடுத்த ஆசை வருகிறது: இந்த 'உஸ்' சத்தத்தை எடுத்துவிட முடியாதா?

முடியும், காசு செலவில்லாமல். 'ஆடாஸிட்டி' என்ற மென்பொருள் 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்ஸோனி என்ற மாணவரும் ரோஜர் டேனன்பெர்க் என்ற பேராசிரியரும் தொடங்கியது. 2000 மே மாதம் வெளிவந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமத்தில் வருவது. 2021இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனபோது, பயன்படுத்துகிறவர்களைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்கப் போகிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. நிறுவனம் விளக்கம் கொடுத்து வாசகங்களைத் திருத்தியது. மென்பொருள் கட்டற்றதாகவே தொடர்ந்தது. இன்னும் சாதுவான, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலைவாங்கும் 'ஸாக்ஸ்' என்ற கருவியும் இருக்கிறது. நூறு காஸெட்டை ஒரே ராத்திரியில் அலசிப்போட வேண்டியவர்களுக்கு அது.

இந்த விஷயத்தில் கேரளம் கொடுத்துவைத்த மாநிலம். பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருள்தான் என்று அந்த அரசு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பே முடிவெடுத்தது. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கி இப்போது 'கைட்' என்ற பெயரில் நடக்கும் அமைப்பு பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸ் தொகுப்பிலேயே ஆடாஸிட்டி இருக்கிறது. கம்ப்யூட்டர் பாடநூல் தமிழ் வழி மாணவர்களுக்குத் தமிழிலும் அச்சாகிறது. அதாவது, மூணாறில் தமிழ் வழியில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணின் பள்ளி லேப்டாப்பில், தன் பாட்டியின் காஸெட்டைச் சுத்தம் செய்யும் கருவி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இல்லாதது அதை எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தரும் ஆள்.

அந்த இடம்தான் முக்கியம். மென்பொருளுக்கு இரைச்சல் எது, இசை எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே விஷயம், 'மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பது'. யாரும் பேசாத, பாடாத ஒரு துண்டை நாம் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல், பார்த்துக்கொள்' என்று காட்டுகிறோம். கருவி அந்தத் துண்டைப் பல நூறு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு சத்தம் என்று குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவையும் அதே மாதிரிப் பிரித்து, எந்தப் பட்டையில் சத்தம் குறித்துவைத்த அளவைத் தாண்டவில்லையோ, அதை அமுக்கிவிடுகிறது. தாண்டியிருந்தால் விட்டுவிடுகிறது. ஆயிரம் வாசல், ஒவ்வொன்றிலும் ஒரு காவல்காரன். பேச்சிலிருந்து இரைச்சலைக் கழிக்கும் இந்த வழியின் ஒரு வடிவத்தை ஸ்டீவன் போல் என்ற அமெரிக்கர் 1979இல் கட்டுரையாக எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை அதிகம் மாறவில்லை.

இப்போது பாலக்காட்டுக்கு வருவோம். கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர், மஞ்சப்பரையில் பிறந்த எம்.டி. ராமநாதன், மிருதங்கத்துக்கு மணி அய்யர். இந்த ஜில்லா கர்நாடக சங்கீதத்துக்குக் கொடுத்த ஆட்களின் பட்டியல் பெரியது. கல்யாணத்திலும் கோயிலிலும் நடந்த கச்சேரிகளை ரசிகர்கள் ஸ்பூல் டேப்பிலும் பிறகு காஸெட்டிலும் பதிவுசெய்து வைத்தார்கள். அதில் ஒன்றைச் சுத்தம் செய்ய உட்காரும் உற்சாகமான பேரன் என்ன செய்வான்? பாட்டு தொடங்குமுன் யாரும் பாடாத பத்து விநாடி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டுவான். அந்தப் பத்து விநாடியில் ஒலித்துக்கொண்டிருப்பது தம்புரா.

கருவியின் பார்வையில் தம்புரா, மின்விசிறியைவிட உத்தமமான இரைச்சல். ஏற்ற இறக்கம் இல்லை, நிறுத்தம் இல்லை, தொடக்கம் முதல் மங்களம் வரை அதே ஒலி. அதைக் கணக்கில் குறித்துக்கொண்டு கச்சேரி முழுவதும் துடைத்துவிடும். துடைப்பது தம்புராவோடு நிற்காது. தம்புராவில் இருப்பது ஷட்ஜமும் பஞ்சமமும் அவற்றின் கிளை ஒலிகளும். பாடகர் ஷட்ஜத்தில் மெல்ல வந்து நிற்கும்போது அவர் குரல் இருக்கும் பட்டைகளும் அவையே. உரக்கப் பாடினால் வாசல் திறக்கும். குரலைத் தணித்துக் கரைத்தால் மூடிக்கொள்ளும். மீதி ஸ்வரங்கள் பிழைத்திருக்க, ஸ்ருதியோடு சேர்ந்து நிற்கும் கணம் மட்டும் காணாமல் போன கச்சேரி ஒன்று கையில் மிஞ்சும். கேட்பவருக்கு எங்கே பழுது என்று சட்டென்று சொல்லத் தெரியாது. 'என்னமோ உயிரில்லை' என்பார்.

மின்சார முணுமுணுப்பை எடுப்பதிலும் இதே வில்லங்கம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. மட்டமான கருவிகளில் அது 50, 100, 150 என்று மடங்கு மடங்காக 'ம்ம்ம்' என்று முனகும். குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டியெடுக்கும் கத்தியும் ஆடாஸிட்டியில் இருக்கிறது. 100இல் வைத்து வெட்டினால் முனகல் அடங்கும். ஆனால் ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஷட்ஜம் சுமார் 131. கீழே இறங்கி அவர் தொடும் மந்தர பஞ்சமம் சுமார் 98. கத்தியை அகலமாக வைத்தால் முனகலோடு பஞ்சமமும் போகும். எம்.டி. ராமநாதன் மாதிரி தாழ்ந்த ஸ்ருதியில், மந்தர ஸ்தாயியில் நிதானமாக உலவும் பாட்டில் இப்படிக் கை வைப்பது, வீட்டைப் பெருக்கும்போது அஸ்திவாரக் கல்லையும் சேர்த்து அள்ளுவதுதான்.

மிருதங்கத்துக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து. பழைய இசைத்தட்டுகளில் 'டிக் டிக்' என்று வரும் கீறல் சத்தத்தை நீக்க ஒரு வசதி உண்டு. திடீரென்று எழுந்து மறையும் எதையும் அது சந்தேகிக்கும். தாராளமாக விட்டால், சாப்பு விழும் அந்த முதல் நொடித்துளியின் கூர்மையையும் மழித்துவிடும். பாலக்காடு மணி அய்யர் மைக்கையே பிடிக்காதவர் என்று பெயரெடுத்தவர். 1981இல் அவர் மறைந்தார். இந்தக் கருவியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டாம்.

இதற்கெல்லாம் மருந்து அதே மென்பொருளுக்குள் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. இரைச்சல் குறைக்கும் பெட்டியின் அடியில் இரண்டு தேர்வுகள்: ஒன்று குறைத்த பின் மிஞ்சுவதைக் கொடுப்பது, மற்றொன்று, எடுத்து எறியப்போவது எது என்று அதை மட்டும் ஒலித்துக் காட்டுவது. இரண்டாவதை முதலில் அழுத்துங்கள். வெறும் 'உஸ்' மட்டும் கேட்டால் சரி. அதற்குள் பாட்டியின் சொல்லோ தம்புராவின் சாயலோ கேட்டால், குப்பைக் கூடையில் நகை விழுகிறது என்று அர்த்தம். அளவைக் குறைத்து மறுபடி பாருங்கள். 6 முதல் 12 டெசிபெல் போதும். 30 என்று தள்ளுகிறவர்களுக்குக் கிடைப்பது, தண்ணீருக்கடியில் கிணுகிணுத்துப் பேசும் குரல்.

மலைமேல் ஏறினால் பிரச்னையின் தன்மை மாறுகிறது. இடுக்கிப் பதிவுகளில் அதிகம் கேட்பது மழை. தகரக் கூரைமேல் விழும் மழை மின்விசிறியைப் போல ஒரே சீராக இருக்காது. ஒரு நிமிடத்து மழையைக் காட்டி அடுத்த நிமிடத்து மழையைத் துடைக்க முடியாது. அத்துடன் வீட்டு டேப்ரிக்கார்டர்கள் பலவற்றில், ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு இருந்தது. பேசுகிறவர் நிறுத்தினால் அது காதைத் தீட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் மழைச் சத்தம் பொங்கி எழும். பேச்சு மீண்டும் தொடங்கியதும் தணியும். ஆகவே நீண்ட மௌனத்திலிருந்து மாதிரி எடுத்தால், பேச்சுக்கு அடியில் உண்மையில் இருக்கும் இரைச்சலைவிடப் பெரிதாகக் கணக்குக் காட்டி, கருவி பேச்சையே கடித்துவிடும். இரண்டு சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்கும் சின்ன இடத்திலிருந்து மாதிரி எடுப்பது புத்திசாலித்தனம். அரை விநாடி கிடைத்தாலே போதும்.

கடிபடுவதில் முதலில் போவது எது தெரியுமா? ல, ள, ழ. இவற்றைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் மெல்லிய ஒலிகளைக் கொண்டுதான். மழையும் அதே இடத்தில் குடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு துடைத்தால் 'பழம்' என்று சொன்னது 'பலம்' என்று விழும். வட்டவடையிலும் மறையூரிலும் ஒரு முதியவர் 'ழ'வை எப்படி உச்சரித்தார் என்பதே ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய செய்தியாக இருக்கலாம். அது சுத்தத்துக்குப் பலியாகும். மழையை மழையாகவே விட்டுவிட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை மட்டும் வெட்டி, பேச்சின் பட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் காது தானே பழகிக்கொள்ளும். மனிதக் காதுக்கு நிகரான வடிகட்டியை இன்னும் யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி.

சில்வண்டு விஷயம் வேடிக்கையானது. அது உயர்ந்த ஸ்தாயியில் ஒரு குறுகிய பட்டையில் கத்துவதால் எடுப்பது எளிது. ஆனால் காட்டுயிர் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு வேண்டியது அந்த வண்டுதான். நடுவில் பேசும் மனிதர்தான் அவருக்கு இரைச்சல். பாலக்காடு மாவட்டத்தின் சைலன்ட் வேலிக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கு சில்வண்டு இல்லாததால்தான் என்று ஒரு கதை உண்டு. போய்வந்தவர்கள் சில்வண்டு நன்றாகவே கத்துகிறது என்கிறார்கள். 1990இலோ 1995இலோ ஒரு காட்டோரத்துப் பதிவில் எந்தப் பூச்சி எந்த மாதத்தில் கத்தியது என்பது நாளைக்கு யாருக்கு உதவும் என்று இன்று தெரியாது.

காற்றுக்கு மட்டும் மென்பொருள் அதிகம் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றும், தேனி ஜில்லாவைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டின் காற்றும் காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கும் அளவுக்கு வலுவானவை. மைக்கில் நேராக அடித்தால் அலையின் தலையே வெட்டுப்பட்டுப் பதிவாகும். இல்லாமல் போனதை எந்தக் கருவியும் திருப்பித் தராது. போன் மைக்மேல் ஒரு பருத்தித் துணியோ பழைய சாக்ஸோ சுற்றியிருந்தால் பாதி தீர்ந்திருக்கும்.

இந்த இடத்தில், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாதா என்று கேட்பீர்கள். ஜான் லெனன் எழுபதுகளில் வீட்டில் பியானோ வாசித்துக் காஸெட்டில் பாடிவைத்த ஒரு பாட்டை, 1995இல் மற்ற மூன்று பீட்டில்ஸும் முடிக்க முயன்று, முனகலும் பியானோவும் குரலோடு பின்னிக்கிடந்ததால் கைவிட்டார்கள். 2023 நவம்பரில் அது வெளிவந்தது. குரலைத் தனியே உருவியெடுத்தது கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர். கட்டற்ற மென்பொருளிலும் 2017இல் வந்த 'ஆர்.என்.நாய்ஸ்' போன்றவை இந்த வழியில் செல்பவை. பேச்சைப் பிரித்தெடுக்க அது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் பேச்சைக் கேட்டே வளர்ந்த கருவிக்குத் தாலாட்டின் இழுப்பும் ஒப்பாரியின் விம்மலும் பேச்சாகத் தோன்ற வேண்டுமென்று கட்டாயமில்லை. லெனனின் பாட்டை உட்கார்ந்து சரிபார்க்க, அவர் குரலை நாற்பது வருஷம் கேட்டவர்கள் இருந்தார்கள். லயத்துப் பாட்டியின் குரலைச் சரிபார்க்க அவருடைய மகளை விட்டால் யார்?

சுத்தம் செய்வது சட்டத்திலும் மாட்டிவிடும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், உரிமை கோருகிறவர் அல்லாத முதியோர் சொல்லும் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கினால் அதுவும் ஒரு சான்று. முதுவர்கள் வாழும் இடமலைக்குடியிலோ இருளர்கள் வாழும் அட்டப்பாடியிலோ ஒரு முதியவர், 'இந்த ஓடை வரை எங்கள் அப்பன் பயிர் வைத்தான்' என்று பேசுவதை யாராவது பதிவுசெய்தால், அதைக் கேட்டு எழுதுகிறவருக்கு ஓடை எந்த ஓடை என்பது தெளிவாக விழ வேண்டும். அதற்காகச் சத்தத்தைக் குறைத்த பிரதி ஒன்று தயார் செய்யலாம். அந்தப் பதிவே வழக்குமன்றம் போக நேர்ந்தால் கதை வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, டிஜிட்டல் பதிவோடு தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் 'ஹேஷ்' எண்ணும் இடம்பெற வேண்டும். ஒரு பொத்தானைத் தட்டி ஒரு இருமலை நீக்கிச் சேமித்தாலே அந்த எண் மாறிவிடும். நல்ல எண்ணத்தில் துடைத்தது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வாவாகும்.

ஆகவே, துடைப்பதற்குமுன் காஸெட்டிலிருந்து வந்தது வந்தபடி ஒரு பிரதி. எம்பி3 வேண்டாம், சுருக்காத 'வேவ்' கோப்பு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு ஊர்களில். பெயரில் ஆண்டு, ஊர், பேசுகிறவர். சுத்தம் செய்த பிரதிக்கு வேறு பெயர். அதில் என்ன எடுக்கப்பட்டது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்று ஒரு துண்டுக் குறிப்பு. ரசிகர் ஒருவர் நடுவில் 'பலே' என்று கத்தியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் கத்தினார் என்பதில் அன்றைய சபையே இருக்கிறது.

காஸெட் இல்லாதவர்கள், இப்போது போனில் பதிவுசெய்யப் போகிறவர்கள், ஒன்று செய்யலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். ப்ரிட்ஜின் சத்தம் எட்டாத அறைக்குப் போங்கள். பாட்டி பேசத் தொடங்குமுன் யாரும் வாய் திறக்காமல் பத்து விநாடி அந்த அறையை மட்டும் பதிவுசெய்யுங்கள். பிற்பாடு யார் எந்தக் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், இரைச்சல் எது என்று காட்ட ஒரு துண்டு இருக்கும். தம்புராவை அதற்கப்புறம் மீட்டச் சொல்லலாம்.